ஆடியோவும் மிடியும் ஒண்ணா ஓடலையா? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

வீட்ல ரெக்கார்டிங் பண்றவங்க யார்கிட்ட பேசினாலும் கடைசில பேச்சு இங்கதான் வந்து நிக்குது: "டிரம்ஸ் ஒரு பக்கம் போகுது, நான் வாசிச்சது ஒரு பக்கம் போகுது." அவங்க கேட்ட கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதில கீழ போட்டிருக்கேன். ஆடியோன்னா பதிவான சத்தம். மிடின்னா சத்தம் இல்ல, எந்த நோட்ட எப்ப வாசிக்கணும்ங்கிற குறிப்பு. சாஃப்ட்வேர்னு சும்மா சொன்னா ரெக்கார்டிங் பண்ற சாஃப்ட்வேர்.

படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்து வெச்சுக்கோங்க. உங்க தாமதம் எப்பவும் ஒரே அளவா இருக்கா, பாட்டு போகப் போக கூடிக்கிட்டே போகுதா, இல்ல ஒரு நோட்டு முன்ன ஒரு நோட்டு பின்னன்னு ஆடுதா? மூணுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற. இத பாக்காம பஃபர (என்னன்னு கீழ வருது) மட்டும் மாத்தி மாத்தி நாள் கணக்கா வீணாக்கினவங்க நெறைய பேர்.

கீபோர்ட்ல கட்டைய அழுத்துறேன், சவுண்டு கொஞ்சம் கழிச்சு வருது. லேட்டன்சின்னா இதுதானா?

ஆமா, இதேதான். நீங்க அழுத்தினதும் மிடி மெசேஜ் கம்ப்யூட்டருக்குப் போகும், சாஃப்ட்வேர் அத விஎஸ்டிகிட்ட (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற வாத்தியம்) கொடுக்கும், அது சவுண்ட உருவாக்கும், இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) அத ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதுல மிடி போற நேரம் ரொம்ப கம்மி, பெரும்பாலும் நேரம் போறது சவுண்டு வெளிய வர்ற பக்கம்தான்.

ஏன்னா கம்ப்யூட்டர் சவுண்ட ஒவ்வொரு சாம்பிளா (ஒரு கணத்துல அளந்த ஒரு எண்ணு) அனுப்பாது, ஒரு மூட்டையா கட்டி அனுப்பும். அந்த மூட்டையோட அளவுதான் பஃபர் சைஸ். கணக்கு சுலபம், பஃபர சாம்பிள் ரேட்டால (செகண்டுக்கு எத்தன சாம்பிள்ங்கிறது) வகுத்தா போதும். 48000-ல 256 சாம்பிள்னா 5.3 மில்லிசெகண்ட், 44100-ல 1024 சாம்பிள்னா 23 மில்லிசெகண்ட். மைக்ல பாடி அத சாஃப்ட்வேர் வழியா ஹெட்போன்ல கேக்குறீங்கன்னா உள்ள போக ஒரு மூட்டை, வெளிய வர ஒரு மூட்டை, அதோட சத்தத்த எண்ணா மாத்துற கன்வர்ட்டரும் யூஎஸ்பியும் எடுத்துக்கிற கொஞ்ச நேரம், எல்லாம் சேரும்.

எத்தனை மில்லிசெகண்ட் வரைக்கும் பரவாயில்ல?

காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அதாவது 1 மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். கிட்டார் ஆம்ப்லேந்து 3 மீட்டர் தள்ளி நின்னு வாசிச்சா கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் தாமதம் அங்கயே இருக்கு, யாரும் அத ஒரு குறையா சொல்றதில்ல. அதனால கீபோர்ட் வாசிக்கிறவங்களுக்கு 10 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா போதும்ங்கிறது என் கருத்து. பேட்ல டிரம்ஸ் தட்டுறவங்க இன்னும் கம்மியா கேப்பாங்க, கேக்குறதும் நியாயம்தான்.

பாடுறவங்க விஷயம் தனி. அவங்க குரல் எலும்பு வழியா அவங்க காதுக்கு உடனே வந்துடுது, ஹெட்போன்ல வர்றது சில மில்லிசெகண்ட் கழிச்சு வந்து அதோட கலக்குது, அப்ப லேட்டுன்னு தோணாது, குரலே குழாய்க்குள்ளேந்து வர்ற மாதிரி மெலிஞ்சு கேக்கும். இவங்களுக்கு இன்டர்ஃபேஸ்ல இருக்குற டைரக்ட் மானிட்டரிங்க ஆன் பண்ணி விட்டு, சாஃப்ட்வேர்ல அந்த டிராக்கோட மானிட்டர ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டும் ஆன்ல இருந்தா குரல் ரெண்டு தடவ கேக்கும், அதையும் லேட்டன்சின்னு நெனச்சு குழம்புறாங்க.

பஃபர 64-ல வெச்சா கரகரன்னு சத்தம் வருது, 1024-ல வெச்சா லேட் ஆகுது. எதுலதான் வைக்கிறது?

ரெக்கார்ட் பண்ணும்போது 128 அல்லது 256, மிக்ஸ் பண்ணும்போது 1024-ன்னு ரெண்டு நிலை வெச்சுக்கோங்க. மிக்ஸ்ல யாரும் லைவா வாசிக்கப் போறதில்ல, அங்க பெரிய பஃபர் ஒரு கெடுதலும் பண்ணாது, டிராக்குங்களுக்கு நடுவுல இருக்குற டைமிங்கையும் மாத்தாது.

128-லயே கரகரன்னு வந்தா அந்த மூட்டைய நேரத்துக்குள்ள கட்டி முடிக்க கம்ப்யூட்டரால முடியலன்னு அர்த்தம். கனமான விஎஸ்டி டிராக்குகள ஃப்ரீஸ் பண்ணுங்க (தற்காலிகமா ஆடியோவா மாத்தி வைங்க), பவர் செட்டிங்க்ஸ்ல பேட்டரி சேமிக்கிற மோட விட்டு வெளிய வாங்க, லேப்டாப்னா சார்ஜர சொருகி வெச்சே வேல செய்யுங்க. விண்டோஸ்ல சில சமயம் வைஃபை டிரைவரோ (கருவிய ஓட்டுற புரோகிராம்) கிராஃபிக்ஸ் டிரைவரோ நடுவுல புகுந்து ப்ராசஸர பிடிச்சு வெச்சுக்கும், வைஃபைய ஆஃப் பண்ணிட்டு வாசிச்சுப் பாருங்க, சத்தம் நின்னா குற்றவாளி கெடச்சாச்சு. லேட்டன்சிமான்னு ஒரு இலவச டூல் இருக்கு, எந்த டிரைவர் இழுக்குதுன்னு அது பேரோட காட்டும்.

விண்டோஸ்ல டிரைவர் லிஸ்ட்ல நாலஞ்சு பேர் காட்டுது, எத எடுக்கணும்?

உங்க இன்டர்ஃபேஸ் கம்பெனியே கொடுத்த ஆசியோ டிரைவர் இருந்தா கண்ண மூடிக்கிட்டு அத எடுங்க. ஆசியோங்கிறது ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல கொண்டு வந்தது, விண்டோஸோட மிக்ஸர் வழியா சுத்திக்கிட்டுப் போகாம நேரா இன்டர்ஃபேஸ்கிட்ட பேசுறதுக்காகவே செஞ்சது. அது இல்லன்னா விண்டோஸோட சொந்த வழியான வாசாபிய எக்ஸ்க்ளூசிவ் மோட்ல (வேற புரோகிராம் எதுவும் நடுவுல வராத மோட்) வெச்சுக்கலாம். எம்எம்இ-யும் டைரக்ட்சவுண்டும் பழைய வழிங்க, வாசிக்கிறதுக்கு ஆகாது.

ஆசியோ4ஆல் பத்தி எப்பவும் கேக்குறாங்க. அது தனியா ஒரு நேர்வழி இல்ல, விண்டோஸ் டிரைவர் மேல ஆசியோ மாதிரி ஒரு உறை போடுது, அவ்வளவுதான். லேப்டாப்ல இருக்குற சவுண்ட் சிப்ப வெச்சே சமாளிக்கணும்னா நல்லா உதவும், ஆனா நல்ல இன்டர்ஃபேஸ கையில வெச்சுக்கிட்டு இத எடுத்தா நஷ்டம் உங்களுக்குத்தான். மேக்ல கோர் ஆடியோ ஒண்ணே போதும், லினக்ஸ்ல ஜாக் அல்லது பைப்வயர்.

இன்னொண்ணு, விஎஸ்டி எதுவும் போடாம விண்டோஸ் கூடவே வர்ற ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த்துக்கு மிடிய அனுப்பிட்டு "லேட்டாகுது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அது நேரலையா வாசிக்க செஞ்சதே இல்ல, அத மாத்திட்டு வாங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

ப்ளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்கலாமா?

வேணாம். சாதாரண ப்ளூடூத்ல 100, 200 மில்லிசெகண்ட் போறது சகஜம், எந்த பஃபர மாத்தினாலும் அது கொறையாது. முடிஞ்ச பாட்ட கேக்க மட்டும் வெச்சுக்கோங்க.

வாசிக்கும்போது எல்லாம் சரியா இருக்கு. ரெக்கார்ட் ஆனத கேட்டா கிட்டார் மிடி டிரம்ஸுக்குப் பின்னாடி விழுது. நான்தான் தப்பா வாசிக்கிறேனா?

இத கேக்குற பாதி பேர் தாளம் சரியில்லன்னு தங்களத்தான் நொந்துக்கிறாங்க, அத பாக்க எனக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா பல தடவ தப்பு அவங்களோடது இல்ல. மிடி டிரம்ஸ் கம்ப்யூட்டருக்கு உள்ளயே இருக்கு. நீங்க கேக்குற டிரம்ஸ் வெளிய வர்றப்பவே கொஞ்சம் தாமதம், அத கேட்டு நீங்க வாசிச்சது உள்ள போறப்ப இன்னும் கொஞ்சம் தாமதம். சாஃப்ட்வேருக்கு இது தெரியும், அதனால ரெக்கார்ட் ஆனத அந்த அளவுக்கு முன்னாடி இழுத்து வைக்கும். எவ்வளவு இழுக்கணும்னு அதுக்குச் சொல்றது டிரைவர்.

சிக்கல் இங்கதான். டிரைவர் சொல்ற கணக்கு எப்பவும் முழுசா இருக்காது. கன்வர்ட்டர் எடுக்குற நேரம், யூஎஸ்பிக்காக உள்ள ஒளிச்சு வெச்சிருக்க கூடுதல் பஃபர், இதெல்லாம் விட்டுப்போகும். அப்ப ரெக்கார்ட் ஆகுற ஒவ்வொரு ஆடியோவும் அதே அளவு பின்னாடி, சில சமயம் முன்னாடி விழும். மேல சொன்ன மூணுல இது முதல் வகை, எப்பவும் ஒரே அளவு. இத அளந்துட்டா ஒரே தடவைல சரி பண்ணிடலாம், அதுக்குத்தான் அடுத்த கேள்வி.

லூப்பேக் டெஸ்ட் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, அத எப்படி பண்றது?

ஒரு கேபிள எடுத்து இன்டர்ஃபேஸோட லைன் அவுட்லேந்து லைன் இன்னுக்கு சொருகுங்க. பேண்டம் பவர (மைக்குக்குக் கேபிள் வழியா போற கரண்ட்) ஆஃப் பண்ணுங்க, ஸ்பீக்கர கொறச்சு வைங்க, ரெக்கார்ட் ஆகப்போற டிராக்ல மானிட்டர ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா சத்தம் சுத்திச் சுத்தி வந்து காத கிழிச்சிடும். இப்ப ஒரு டிராக்ல பீட்டுக்கு ஒண்ணா கூர்மையான கிளிக் ஆடியோவ கிரிட்ல (ஸ்க்ரீன்ல பீட்ட காட்டுற கோடுகள்) சரியா வைங்க, ப்ளகின் (சவுண்ட மாத்துற துணை சாஃப்ட்வேர்) ஒண்ணும் இருக்கக் கூடாது, அத ப்ளே பண்ணிக்கிட்டே இன்னொரு டிராக்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் நல்லா ஜூம் பண்ணி, டைம்லைன சாம்பிள் கணக்குக்கு மாத்திட்டு, அசல் கிளிக்குக்கும் திரும்பி வந்த கிளிக்குக்கும் எத்தன சாம்பிள் தூரம்னு பாருங்க. 48000-ல 63 சாம்பிள் பின்னாடின்னா 1.3 மில்லிசெகண்ட், அத விட்டுடலாம். 400, 500 சாம்பிள்னு வந்தா அதுதான் உங்க கிட்டார கெடுத்திருக்கு.

அந்த எண்ண எங்க போடுறதுன்னா, ரீப்பர்ல ப்ரிஃபரன்சஸ்ல ரெக்கார்டிங் பக்கத்துல மேனுவல் ஆஃப்செட், ஏபிள்டன் லைவ்ல டிரைவர் எரர் காம்பன்சேஷன், லாஜிக்ல ரெக்கார்டிங் டிலே, கியூபேஸ்ல ரெக்கார்ட் ஷிஃப்ட், ஸ்டுடியோ ஒன்ல ரெக்கார்ட் ஆஃப்செட். ப்ளஸ்ஸா மைனஸான்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, சிலது சாம்பிள் கேக்கும் சிலது மில்லிசெகண்ட் கேக்கும், அதனால போட்டுட்டு மறுபடி அதே டெஸ்ட்ட பண்ணுங்க. தூரம் ரெண்டு மடங்கா ஆயிருந்தா குறிய திருப்பிப் போடுங்க. சாம்பிள் ரேட்ட மாத்தினாலோ வேற இன்டர்ஃபேஸ் வாங்கினாலோ திரும்ப அளக்கணும்.

மிடி நோட்டு மட்டும் கிரிடுக்கு முன்னாடியே விழுது. நான் கிளிக்கோட சரியாத்தான் வாசிச்சேன்.

உங்க விரல் உங்களுக்கே தெரியாம ஈடு கட்டுது. சவுண்டு 20 மில்லிசெகண்ட் லேட்டா வருதுன்னா, காதுக்கு அது கிளிக்கோட சேந்து கேக்கணும்னு கை தன்னால 20 மில்லிசெகண்ட் முன்னாடியே அழுத்த ஆரம்பிச்சிடும். சாஃப்ட்வேர் நீங்க அழுத்தின நேரத்த எழுதிக்கும், கேட்ட நேரத்த இல்ல. பஃபர கொறச்சு வாசிச்சுப் பாருங்க, நோட்டும் அதே அளவு கிரிட் பக்கம் நகந்து வந்தா காரணம் இதுதான்.

பஃபர் கொறஞ்சும் எல்லா நோட்டும் ஒரே மாதிரி தள்ளியே விழுந்தா மிடி போர்ட்டோட டைம்ஸ்டாம்ப (நோட்டு வந்த நேரத்தக் குறிக்கிற முத்திரை) பாக்கணும். விண்டோஸ்ல கியூபேஸ் வெச்சிருக்கவங்க மிடி போர்ட் செட்டப்ல சிஸ்டம் டைம்ஸ்டாம்ப் பயன்படுத்துங்கிற டிக்க மாத்திப் பாத்தா நெறைய பேருக்கு அங்கயே முடிஞ்சுடும்.

மாஸ்டர்ல ஒரு ப்ளகின் போட்டதுலேந்து கீபோர்ட் ரொம்ப லேட், பஃபர் 128-தான். ஏன்?

சில ப்ளகின் வேல செய்யணும்னா வரப்போற சவுண்ட முன்கூட்டியே பாக்கணும். லுக்அஹெட் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாம் இந்த ரகம், ஒண்ணு நூத்துக்கணக்கான சாம்பிள் எடுத்துக்கும், ஒண்ணு ஆயிரக்கணக்குல எடுத்துக்கும். அது எவ்வளவு எடுக்குதுன்னு சாஃப்ட்வேருக்கு சொல்லிடும், சாஃப்ட்வேர் மத்த டிராக்குகளையும் அதே அளவு காக்க வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பும். இதுதான் டிலே காம்பன்சேஷன். ஏற்கனவே பதிவானத இப்படி காக்க வைக்கலாம், ஆனா நீங்க இந்த நொடி அழுத்துற கட்டைய எங்கேந்து முன்னாடி கொண்டு வர்றது? அதனால அந்த மொத்த தாமதமும் உங்க கைக்கு வந்து சேருது.

வழி என்னன்னா, வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த ப்ளகின்கள ஆஃப் பண்ணி வைக்கிறது. லாஜிக்ல லோ லேட்டன்சி மோட், கியூபேஸ்ல கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷன்னு ஒரே பட்டன்ல இத செய்யலாம். சில சாஃப்ட்வேர்ல பைபாஸ் அழுத்தினாலும் தாமதம் அப்படியே நிக்கும், அங்க ப்ளகின முழுசா டீஆக்டிவேட் பண்ணணும், இத கவனிக்காம "பைபாஸ்லயும் லேட்டு"ன்னு சொல்றவங்க நெறைய.

ஸ்ட்ரிங்ஸ் டிராக்க குவான்டைஸ் பண்ணிட்டேன், நோட்டு கிரிட்ல கச்சிதமா இருக்கு, ஆனா காதுக்கு லேட்டா கேக்குது.

இதுல கோளாறே இல்ல. வயலின்ல வில்ல வெச்சதும் சத்தம் முழுசா எழ நேரம் ஆகும், அந்த எழுச்சியோடதான் பதிவு பண்ணியிருப்பாங்க. நோட்டு தொடங்குற இடம் கிரிட்ல இருக்கு, காது பீட்டுன்னு எடுத்துக்கிற இடம் அதுக்கு அப்புறம் வருது. அந்த டிராக்குக்கு மைனஸ் டிராக் டிலே கொடுங்க, 30 மில்லிசெகண்ட்லேந்து தொடங்கி டிரம்ஸோட சேத்துக் கேட்டுக்கிட்டே கூட்டுங்க. நோட்டுகள விடாம இணைச்சு வாசிக்கிற லெகாட்டோன்னா இன்னும் நெறைய தேவைப்படும். இதுக்கு எண்ணு யாராலயும் சொல்ல முடியாது, காதுதான் அளவுகோல்.

வெளிய வெச்சிருக்க ஹார்ட்வேர் சிந்த் மட்டும் விஎஸ்டிங்களோட ஒட்ட மாட்டேங்குது.

விஎஸ்டி எல்லாம் உள்ளயே இருக்கறதால சாஃப்ட்வேர் அத ஒழுங்குபடுத்திடும். ஹார்ட்வேர் சிந்த்துக்கு மிடி வெளிய போகணும், சிந்த் யோசிச்சு சத்தம் போடணும், அந்த ஆடியோ திரும்ப உள்ள வரணும். இந்த முழு சுத்துக்கும் எவ்வளவு ஆகுதுன்னு சாஃப்ட்வேருக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். லூப்பேக் டெஸ்ட்ட கொஞ்சம் மாத்திப் பண்ணுங்க: மிடி டிராக்ல பீட்டுக்கு ஒரு நோட்டு, சிந்த்ல சட்டுன்னு அடிக்கிற ஒரு சவுண்டு, அத ரெக்கார்ட் பண்ணி எத்தன மில்லிசெகண்ட் பின்னாடின்னு பாருங்க. ஒரு பத்து நோட்டாவது அளந்து சராசரி எடுங்க. ஏபிள்டன்ல எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட்ல ஹார்ட்வேர் லேட்டன்சின்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல போடலாம். மத்ததுல அந்த மிடி டிராக்குக்கே மைனஸ் டிலே கொடுக்கலாம்.

ஒரே கேபிள்ல நாலஞ்சு சிந்த்த ஓட்டுறவங்களுக்கு இன்னொரு விஷயம். 1983-ல வந்த மிடியோட பழைய ஐந்து முனை கேபிள்ல வேகம் ஒரு செகண்டுக்கு 31250 பிட்தான். ஒரு நோட்டு போய்ச்சேர கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட், ஒரே நேரத்துல 10 நோட்டு அனுப்பினா கடைசி நோட்டு 10 மில்லிசெகண்ட் பிந்தும். கூட பிட்ச் பெண்டும் மாடுலேஷனும் சேந்தா கிக் டிரம் வரிசைல நிக்கும். சிந்த்துக்கு ஒரு போர்ட்டுன்னு பிரிங்க, முடியலன்னா கிக்க ஒரு டிக் (மிடி கணக்குல ரொம்பச் சின்ன நேரம்) முன்னாடி வைங்க.

டிரம் மெஷின மிடி கிளாக்ல ஓட்டுறேன், ஒரு அடி முன்ன ஒரு அடி பின்னன்னு ஆடுது. ஆஃப்செட் எவ்வளவு கொடுத்தாலும் சரியாகல.

ஆகாது, ஏன்னா இது மூணாவது வகை, ஜிட்டர். ஆஃப்செட் ஒரே அளவு தாமதத்தத்தான் சரி பண்ணும். மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், டெம்போ 120-னா துடிப்புக்குத் துடிப்பு 20.8 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டர் வேற வேலைல மாட்டினா துடிப்பு முன்ன பின்ன போகும், டிரம் மெஷினும் கூடவே ஆடும். யூஎஸ்பி ஹப்ப எடுத்துட்டு நேரா சொருகுங்க, கிளாக் தேவையில்லாத போர்ட்டுக்கெல்லாம் அனுப்புறத நிறுத்துங்க. அப்புறமும் ஆடினா ஒரு ஆடியோ அவுட்லேந்தே துடிப்ப எடுத்துக் கொடுக்கிற கிளாக் கருவி இருக்கு, ஆடியோ கிளாக் சாம்பிள் கணக்குல ஓடுறதால அது அசையாது. அதுவும் வேணாம்னா டிரம் மெஷின அதோட சொந்த டெம்போவுல ஓட விட்டு ஆடியோவா ரெக்கார்ட் பண்ணி பிற்பாடு வெட்டி ஒட்டலாம். நான் இப்பெல்லாம் கடைசி வழியத்தான் எடுக்குறேன், அதோட உள்துடிப்பு கெடாம கிடைக்குது.

பாட்டு ஆரம்பத்துல சேந்து இருக்கு, மூணாவது நிமிஷம் வரும்போது விலகிடுது.

இது ரெண்டாவது வகை. முதல்ல சுருதிய கேளுங்க. ஆடியோ ஒன்றரை செமிடோன் இறங்கியோ ஏறியோ கேட்டா 48000-ல எடுத்தத 44100-ன்னு நெனச்சு ஓட்டுது, இல்ல அதுக்கு நேர்மாறு. சுருதி இறங்கினா 3 நிமிஷப் பாட்டு கிட்டத்தட்ட 16 செகண்ட் நீண்டுடும். ஃபைல ப்ராஜெக்ட் ரேட்டுக்கு மாத்தி இம்போர்ட் பண்ணுங்க, இன்டர்ஃபேஸும் ப்ராஜெக்ட்டும் ஒரே ரேட்ல இருக்கான்னு பாருங்க.

சுருதி சரியா இருக்கு, மெதுவா விலகுதுன்னா டெம்போவ சந்தேகப்படுங்க. அசல் டெம்போ 119.98, நீங்க போட்டது 120-னா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா 3 நிமிஷத்துல 30 மில்லிசெகண்ட் விலகும். கிளிக் இல்லாம மனுஷங்க வாசிச்ச பாட்டுன்னா ஒரே டெம்போவே கிடையாது, பாட்டோட ஓட்டத்துக்கு டெம்போ மேப் (எந்த இடத்துல என்ன டெம்போங்கிற கணக்கு) போடணும். ஆடியோவ இழுத்துப் பிடிச்சு கிரிட்ல வைக்கிறத விட கிரிட்ட பாட்டுக்கு ஏத்த மாதிரி வளைக்கிறதுதான் எனக்குச் சரின்னு படுது.

இதுவும் இல்லன்னா ரெண்டு கருவி ரெண்டு கடிகாரம். தனி ரெக்கார்டர்ல எடுத்ததையும் கம்ப்யூட்டர்ல எடுத்ததையும் சேத்தா, பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும். ஒரே நேரத்துல ரெண்டு இன்டர்ஃபேஸ் வெச்சா வேர்ட் கிளாக் (ஒரு கருவியோட துடிப்ப இன்னொண்ணுக்குக் கொடுக்கிற இணைப்பு) அல்லது டிஜிட்டல் கேபிள் வழியா ஒண்ண இன்னொண்ணுக்குக் கட்டுப்படுத்தி வைங்க.

ஃப்ரெண்டு எம்பி3-ல அனுப்பின டிராக் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளியே உக்காருது.

எம்பி3 ஆக்கும்போது முன்னாடி கொஞ்சம் மௌனம் சேந்துடும், அந்த ஃபார்மேட்டோட தன்மையே அது. லேம் என்கோடர் சேக்குற 576 சாம்பிளோட டீகோட் பண்றப்ப வர்றதும் கூடினா 44100-ல சுமார் 25 மில்லிசெகண்ட். சில சாஃப்ட்வேர் அத வெட்டிடும், சிலது வெட்டாது. வேவ் ஃபைலா அனுப்பச் சொல்லுங்க, பாட்டு பூஜ்யத்துலேந்து தொடங்கட்டும், முதல் பீட்டுக்கு முன்னாடி ஒரு கிளிக்கும் வெச்சு அனுப்பச் சொன்னா இன்னும் நல்லது.

இவ்வளவு எதுக்கு, ரெக்கார்ட் ஆனத கையால நகத்திட்டா போதாதா?

ஒரு டேக்குன்னா நகத்துங்க, தப்பே இல்ல. ஆனா அளக்காம நகத்தினா அடுத்த டேக்கும் அதே இடத்துல விழும், ரெண்டு மைக்ல எடுத்த டிரம்ஸ்ல ஒண்ண மட்டும் நகத்திட்டா ஃபேஸ் (ரெண்டு அலையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற விதம்) கெட்டு அடிநாதமே போயிடும். குவான்டைஸும் அப்படித்தான், தப்பா பதிவான டைமிங்க மறைக்கும், நீங்க மனசு வெச்சு கொஞ்சம் இழுத்து வாசிச்சதையும் சேத்து அழிச்சிடும்.

மிடிய ஆடியோவா பவுன்ஸ் பண்ணினேன், ரெண்டையும் சேத்து ஓட்டினா ஒரு மாதிரி குழாய் சத்தம் வருது. விலகிடுச்சா?

சில சாம்பிள் விலகினாலே இப்படிக் கேக்கும். பவுன்ஸ் ஆன டிராக்கோட போலாரிட்டிய திருப்பிப் போட்டு, அதாவது அலைய தலைகீழா ஆக்கி, ரெண்டையும் ஒரே வால்யூம்ல ஓட்டுங்க. முழு அமைதி வந்தா ரெண்டும் ஒண்ணுதான். மெல்லிசா சத்தம் மிஞ்சினா பவுன்ஸ் டிராக்க ஒவ்வொரு சாம்பிளா நகத்துங்க, ஒரு இடத்துல அமைதி ஆயிட்டா அந்த ப்ளகின் தன்னோட தாமதத்த சாஃப்ட்வேர்கிட்ட தப்பா சொல்லுதுன்னு அர்த்தம், அந்த எண்ண குறிச்சு வெச்சு டிராக் டிலேல போட்டுடுங்க.

எங்க நகத்தினாலும் அமைதி வரலன்னா பயப்பட வேணாம். பல சாம்பிள் லைப்ரரி (நெஜ வாத்தியத்த நோட்டு நோட்டா பதிவு பண்ணி வெச்ச தொகுப்பு) ஒரே நோட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற பதிவ எடுக்கும், பல சிந்த்ல சத்தத்த உருவாக்குற ஆசிலேட்டர் ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல தொடங்கும், அப்ப ரெண்டு ஓட்டம் ஒண்ணா இருக்கவே இருக்காது. அந்த மாதிரி டிராக்ல பவுன்ஸ் ஆனத வெச்சுக்கிட்டு மிடி டிராக்க மியூட் பண்ணிடுங்க.